வேலிக்கு அந்தப்புறம்

ஓட்ஸ் டப்பாவின் முதுகைக்
கத்தியால் கீறி எடுத்தேன்.
உட்பக்கம் சாம்பல் நிறம்.
வெள்ளை பூசாதே, இதுவே நம் குல்டீகா வானம்தான்
என்றார் ஓயார்ஸ்.
சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.
ஞாயிற்றுக்கிழமை ரொட்டி அவர் பாடு.

பாதி உருளைக்கிழங்கில் ஒரு கெட்டில் செதுக்கினேன்.
அச்சில் விழுந்தது வாத்து.
மூக்கு அலகாகிவிட்டது,
பிடி எப்படியோ வாலானது.
இருந்துவிட்டுப் போகட்டும் என்று
பென்சிலால் இரண்டு கால் போட்டேன்.
ஒன்று சற்றுக் குட்டை.

மை, பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.
அதில் ஒரு சொட்டு வினிகர்.
மூலையில் சதகுப்பை இலை ஒன்றை ஒட்டினேன்;
பூனை வந்து முகர்ந்து,
தும்மிவிட்டுப் போனது.

அட்டை மிர்ட்ஸாவுக்கு.
மிர்ட்ஸா பக்கத்து வீடு.
நடுவில் ஒரு பெர்ரிப் புதர், அவ்வளவுதான் வேலி.
"கையை நீட்டினால் கொடுத்துவிடலாமே,
எதற்குத் தபால்தலை?"
மாவுக் கையோடு ஓயார்ஸ் சிரித்தார்.

கொடுக்கலாம்.
ஆனால் வேலிக்கு மேலே பேசும் பேச்சு
நத்தையைத் தாண்டாது.
உன் முட்டைக்கோஸையும் தின்றுவிட்டதா?
தின்றுவிட்டது.
உப்பு இருக்கிறதா?
இருக்கிறது.
பத்தொன்பது வருஷமாக இதேதான்.

அட்டையில் எழுதினேன், பென்சிலால்:
"இரவு இரண்டு மணிக்கும்
உன் சமையலறை விளக்கு எரிகிறது.
தூக்கம் வராவிட்டால் எங்கள் கதவைத் தட்டு.
நானும் பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பேன்.
சீமைச் சுரைக்காய் மூன்று மீந்திருக்கிறது."
கடைசி வரி எதற்கென்றால்,
முதல் வரிக்கு ஒரு துணை.

திங்கட்கிழமை மஞ்சள் பெட்டியில் போட்டேன்.
இங்கிருந்து ரீகா நூற்றைம்பது கிலோமீட்டர்.
அங்கே போய், பிரிக்கப்பட்டு,
அத்தனை தூரமும் திரும்பி
எங்கள் தெருவுக்கே வரவேண்டும்
கால் குட்டையான அந்த வாத்து.

செவ்வாய் மழை.
புதன் மழை.
பல் மருத்துவமனையில் பெயர் கூப்பிடுவது என் வேலை;
ஒவ்வொரு பெயரையும் கூப்பிடும்போது
அட்டை எங்கே இருக்கும் என்று ஒரு கணக்கு.
வீட்டுக்கு வந்தால்
வாசற்படியில் இரண்டு சீமைச் சுரைக்காய்.
மிர்ட்ஸா வைத்தது.
ஆகஸ்ட் மாதம் இந்தத் தெருவில்
யாரும் கதவைப் பூட்டாமல் போக முடியாது,
சுரைக்காயை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை குண்டேகா
சைக்கிளை நிறுத்தி அட்டையை நீட்டினாள்.
முகவரி இருந்த இடத்தில்
இளஞ்சிவப்பாக ஒரு குட்டை.
முகவரியையும் பீட்ரூட்டில் எழுதியது
என்னுடைய புத்திசாலித்தனம்.
"யாருக்கென்று தெரியவில்லை,
யாரிடமிருந்து என்று தெரிகிறது.
இந்த ஊரில் வாத்து போடுகிறவள்
நீ ஒருத்திதானே."

பென்சில் மட்டும் கரையவில்லை.
வாசலிலேயே நின்று படித்தேன்,
எனக்கு யாரோ எழுதியதைப் போல.
தூக்கம் வராவிட்டால் கதவைத் தட்டு.
இதை எனக்கு யாராவது எழுதியிருந்தால்
தட்டியிருப்பேனா?
தெரியவில்லை.
வாத்து மட்டும் நன்றாகவே வந்திருந்தது.

புதருக்கு அந்தப்புறம் மிர்ட்ஸா,
கையில் மண்ணோடு ஒரு கேரட்.
"உனக்குத் தபாலா?
எனக்கு மின்கட்டண பில்லைத் தவிர
ஒன்றும் வருவதில்லை."

கையை நீட்டினால் போதும்.
நீட்டவில்லை.
"ஆமாம், தபால்தான்" என்று
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
பிறகு நத்தையைப் பற்றிப் பேசினோம்.

உள்ளே வந்தேன்.
புது டப்பாவில் ஓட்ஸ் பாதிக்கு மேல் இருந்தது.
ஜாடி கிடைக்கவில்லை;
ஓயார்ஸ் ரொட்டி பிசையும் பெரிய கிண்ணத்தில்
அத்தனையையும் கொட்டிவிட்டு
கத்தியைத் தேடினேன்.
இந்த முறை முகவரிக்குப்
பால்பாயிண்ட் பேனா.